கடலோர நகரத்தின் கதை – 14: சம்பா கோயிலின் படங்களும் அவற்றில் இல்லாத சுவரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் சம்பா கோயிலின் பழைய படங்கள் நூல்களிலும் விழா மலர்களிலும் நாட்காட்டிகளிலும் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. கீழே டோரிக் பாணியிலும் மேலே அயோனிக் பாணியிலும் இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள். அவற்றுக்கு முன்னால் ஆள் நடமாட்டமில்லாத முற்றம். இந்தப் படங்களோடு 1692 என்ற ஆண்டும் சேர்ந்தே வந்துவிடுவதுண்டு. ஆண்டும் சரி, படமும் சரி. இரண்டையும் ஒரே கட்டடத்தின்மேல் ஏற்றுவதுதான் பிழை. படத்தில் தெரிகிற கோயில் 1791-இல் முடிந்தது. 1692-இல் எழுந்த கோயில் மறு ஆண்டே இல்லாமல் போனது. சென்ற இயலில் இந்நகரத்தின் தெருக்களைப் பார்த்தோம். இந்த இயலில் அந்தத் தெருக்களில் எழுந்த தேவாலயங்களின் படங்களை எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரிக் கோயில்களின் பழைய படங்கள் கோயிலைக் காட்டுவதைவிட, அதை யார், எங்கே நின்று, எதற்காகப் பார்த்தார்கள் என்பதையே தெளிவாகக் காட்டுகின்றன என்பது என் கருத்து. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவை நல்ல சான்றுகள். தெரிந்துகொள்ளாமல் படித்தால், அந்தக் கோயில்களுக்குள் முழந்தாளிட்ட தமிழர்களின் வரலாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதலில் கட்டடங்களின் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். சேசு சபையார் பதினான்காம் லூயி மன்னரின் உதவியோடு 1692-இல் எழுப்பிய முதல் கோயில், 1693-இல் டச்சுக்காரர் நகரத்தைப் பிடித்தபோது அழிந்தது. 1697-இல் ரைஸ்விக் உடன்படிக்கை ஏற்பட்டு, 1699-இல் நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு எழுந்த இரண்டாவது கோயில் அவசரத்தில் கட்டியது, நெடுநாள் தாங்கவில்லை. மூன்றாவது பெரிய கோயில் 1728-இல் தொடங்கி 1736-இல் முடிந்தது. ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரி கண்ட கோயில் அதுதான். 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையிடம் நகரம் வீழ்ந்தது; கோட்டையோடும் மாளிகைகளோடும் கோயிலும் தரைமட்டமானது. 1770-இல் அதே இடத்தில் வேலை தொடங்கியது. 1773-இல் ரோமாபுரி சேசு சபையைக் கலைத்துவிட, 1776-இல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றுக் கட்டுமானத்தைத் தொடர்ந்தார்கள். 1791-இல் நிறைவேறிய இந்த நான்காவது கட்டடமே இன்றும் நிற்கிறது. இரண்டே ஆண்டில், 1793-இல், ஆங்கிலேயர் மறுபடி நகரத்தைப் பிடித்தார்கள். இம்முறை கோயிலுக்குச் சேதமில்லை. நூறு ஆண்டுக்குள் ஒரே இடத்தில் நான்கு கட்டடங்கள். கல்லும் சுண்ணாம்பும் நான்கு முறை மாறியும் மக்கள் வாயில் பெயர் மாறவில்லை. புனித பவுலின் பெயரைப் பிரெஞ்சில் ‘சான் போல்’ என்பார்கள். அது தமிழ் நாவில் ‘சம்பா’ ஆனது. இன்று அதன் அதிகாரப்பூர்வமான பெயர் அமலோற்பவ அன்னை பேராலயம். ஆனால் மிஷன் வீதியில் வழி கேட்பவருக்குச் சம்பா கோயில் என்றால் போதும்.

பெயரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று கட்டடங்களும் போன பிறகு அந்த இடத்தில் எஞ்சியது பெயர்தான். அவற்றைப் பற்றி நமக்கு முதலில் சாட்சி சொல்வது தாள். அதிலும் நகரத்தின் வரைபடங்கள். நிக்கோலா த ஃபேர் 1705-இல் பாரீஸில் வெளியிட்ட புதுச்சேரி வரைபடம் பலருக்கும் தெரிந்ததே. அதற்கும் முந்தையது 1694-ஐ ஒட்டி டச்சுக்காரர் வரைந்தது. நேர்நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர் திட்டமிட்டார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தோம். புதுச்சேரியிலேயே வாழ்ந்து உழைத்த வரலாற்றறிஞர் ஜான் தெலோஷ், நெதர்லாந்து ஆவணக் காப்பகத்துத் தாள்களை எடுத்துவைத்து, அந்தக் கட்டம் டச்சுக்காரர் போட்டது என்று 2004-இல் வெளிவந்த நூலில் நிறுவினார். ஊரின் அடையாளம் என்று நாம் பெருமைப்படும் ஒன்றின் வரலாற்றை ஒரு பழைய தாள் மாற்றி எழுதிய கதை அது. ஆனால் வரைபடம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோயில் எங்கே இருந்தது, கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் யாருடைய குடியிருப்பு, எந்தத் தெரு அதன் வாசலில் முடிந்தது என்பதையெல்லாம் அது சொல்லும். கோயிலின் முகத்தைக் காட்டாது. வரைந்தவர் படைப் பொறியாளர். அவர் கணக்கில் கோயில் என்பது பீரங்கியின் பார்வையை மறைக்கும் ஒரு திடமான கட்டடம். கப்புச்சின் சபையார், சேசு சபையார், பாரீஸ் சபையார் என்று வேதபோதகரின் இடங்கள் தனித்தனிப் பெயரோடு குறிக்கப்படுகின்றன. இந்துக் கோயில்களோ ‘பகோடா’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பார்த்தவருக்கு எது பெயருள்ளது, எது பெயரற்றது என்பது அங்கேயே பதிவாகிவிட்டது.

1761-இன் அழிவுக்குப் பிறகு நகரத்தைப் பார்த்த ஒருவரின் கண் வேறு மாதிரியானது. வானியலாளர் லெ ஜாந்தீய், சூரியனைக் கடக்கும் வெள்ளியைக் காணப் பிரான்ஸிலிருந்து புறப்பட்டவர். 1761-இல் நகரம் ஆங்கிலேயர் கையிலிருந்ததால் கரையிறங்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக ஆண்டுக்கணக்கில் கிழக்குக் கடல்களில் சுற்றி, 1768-இல் புதுச்சேரி வந்து, இடிபாடுகளின் மேலேயே கண்காணிப்பு மேடை அமைத்தார். 1769 ஜூனில் அந்த விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. அவருடைய பயண நூல் 1779-இலும் 1781-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இடிந்த புதுச்சேரியைக் காட்டும் அச்சுப்படமும் உண்டு. வெற்றியைக் கொண்டாடவோ நன்கொடை திரட்டவோ எடுத்த படமல்ல அது. தான் நின்று வானத்தைப் பார்த்த இடத்தை ஒருவர் பதிந்துவைத்தது. புதுச்சேரியின் 18-ஆம் நூற்றாண்டுப் படங்களில் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. இல்லாமல் போனதை இல்லாததாகவே காட்டிய படம் அது.

இனி, எந்தப் படத்திலும் வராத ஒன்றைப் பார்ப்போம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்டது. அதாவது மூன்றாவது சம்பா கோயில் முடிந்த ஆண்டில் தொடங்கி, அது இடிந்த ஆண்டில் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் ஆயுளும் ஒரு நாட்குறிப்பின் ஆயுளும் இப்படி ஒன்றாக அமைந்தது வரலாற்று மாணவருக்குக் கிடைத்த பேறு. 1745 அக்டோபர் மாதக் குறிப்பில் பிள்ளை ஒரு செய்தி எழுதுகிறார். கோயிலின் உள்ளே வடபுறமாக ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் பறையர் கிறிஸ்தவர்களும், மறு பக்கத்தில் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் நின்று பூசை கண்டார்கள். காரைக்காலிலிருந்து குரு ஒருவர் வந்திருந்த சமயத்தில், சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் திரண்டுபோய்ப் பெரிய குருவிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. அடுத்து மறுபக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, பூசல் வளர்ந்தது. கடைசியில் சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாக இட்டுப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடானது. சாதியை எதிர்த்து இம்மண்ணில் ஒடுக்கப்பட்டவர்கள் கூட்டமாக எழுப்பிய குரலுக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று. பெரியாரும் அம்பேத்கரும் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னால், மிஷன் வீதியில், ஒரு சுவர் சில நாளாவது விழுந்து கிடந்திருக்கிறது.

அந்தச் சுவரை எந்த வரைபடமும் காட்டவில்லை, காட்டியிருக்கவும் முடியாது. படைப் பொறியாளருக்குக் கோயிலின் வெளிச்சுவர் மட்டுமே தேவை. கடலிலிருந்து வரைந்தவருக்கு அதுகூடத் தேவையில்லை, கூரையின் கோடு போதும். சுவரை அறிந்தவர்கள் இரு பக்கத்திலும் நின்றவர்களே, அவர்கள் ஊரில் எழுதக்கூடியவர் ஒருவருக்கு அது குறிக்கத்தக்க செய்தியாகப் பட்டது. 1748-ஐ எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே. பொஸ்காவன் தலைமையில் ஆங்கிலேயர் நகரத்தை முற்றுகையிட்டிருந்த செப்டம்பரில், சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. மூலவர் முன்னால் நடந்தவை வரை பிள்ளை மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிவன் கோயில் பின்னாளில் ஈசுவரன் கோயில் வீதியில் புதிதாக எழுந்தது. இன்று சம்பா கோயிலின் முற்றத்தைக் காட்டும் படத்தைப் பார்ப்பவருக்கு, அதன் அருகே இன்னொரு கோயில் இருந்த இடமும் அதில் எங்கோ அடங்கியிருக்கிறது என்று தெரிய வழியில்லை. படத்தின் வெறுமை நிலத்தின் வெறுமையல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. படம் பார்வையாளரின் சார்பைக் காட்டுகிறது என்றால், நாட்குறிப்பு மட்டும் சார்பற்றதா? பிள்ளை வணிகர், பின்பு துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), சைவ, வைணவக் கோயில்களைப் போற்றியவர். சேசு சபையார்மேலும், அவர்களுக்கு ஆதரவாயிருந்த துய்ப்ளேக்ஸின் மனைவிமேலும் அவருக்குத் தீராத மனக்கசப்பு இருந்தது. துபாஷிப் பதவிக்கு அவரோடு போட்டியிட்டவர்கள் கிறிஸ்தவர்கள். சாதி பற்றி அவர் எழுதும் வரிகளில் அவர் காலத்து உயர்சாதி நோக்கும் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. இத்தனையும் உண்மை. ஆனாலும் அவர் சார்பும் பொறியாளரின் சார்பும் வேறு வேறு திசைகளில் சாய்கின்றன. ஒன்று மறைப்பதை மற்றொன்று திறக்கிறது. சுவர் இருந்தது என்று சொல்வதால் பிள்ளைக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. போகிறபோக்கில் சொல்லும் செய்திக்கு வரலாற்றில் எடை கூடுதல். கோயில் இடிப்பைப் பற்றிய பகுதியில் அவர் கோபம் எழுத்தில் ஏறியிருக்கிறது. அங்கே யாரைக் குற்றம் சொல்கிறார் என்பதைத் தனியாகவும், என்ன நடந்தது என்பதைத் தனியாகவும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். வரைபடத்தையும் நாட்குறிப்பையும் சேசு சபையாரின் கடிதங்களையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும்போதுதான் மூன்றாவது சம்பா கோயில் நமக்கு ஓரளவு உருவம் கொள்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் கேமரா வந்தது. அதோடு, படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையும் வந்தது. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1850-களிலும் அதற்குப் பிறகும் ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்களுக்கு, தகடு காய்வதற்குள் மருந்து பூசி, எடுத்து, கழுவி முடித்தாக வேண்டும். நம் வெயிலில் அது பெரும்பாடு. ஒளி விழ நொடிகள் பல தேவைப்பட்டதால், அசைந்தவர்கள் தகட்டில் பதியவில்லை. அல்லது புகைபோலப் பதிந்தார்கள். பழைய படங்களில் கோயில் முற்றம் வெறுமையாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடந்துபோனவர்கள் போனார்கள், கல் நின்றது, கல் மட்டும் பதிந்தது. நிறத்தைப் பற்றியும் ஏமாறக் கூடாது. அக்காலத் தகடு நீலத்தை வெளுப்பாகவும், மஞ்சளையும் சிவப்பையும் கருமையாகவும் வாங்கிக்கொள்ளும். மேகமிருந்த வானம் வெறும் வெள்ளையாகும். மஞ்சள் காவி பூசிய சுவர் அழுக்கேறிய சுவராகத் தெரியும். வண்ணம் தீட்டிய அஞ்சலட்டைகளிலோ நிறம் அச்சகத்தாரின் கற்பனை. பெரும்பாலும் ஐரோப்பாவில், கோயிலைக் கண்ணால் காணாதவர் பூசியது. கோயிலுக்கு முன்பு என்ன வண்ணம் இருந்தது என்று வாதிடுவோர் இந்த அட்டைகளைச் சான்றாக நீட்டுவது சரியாகாது.

எதற்காக எடுத்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. லியோன் நகரிலிருந்து 1868 முதல் வெளிவந்த ‘லே மிசியோன் கத்தோலிக்’ என்ற வார இதழ், உலகெங்குமுள்ள வேதபோதக நாடுகளின் செய்தியையும் படத்தையும் பிரான்ஸின் வீடுகளுக்குக் கொண்டுபோனது. படங்கள் தொடக்கத்தில் புகைப்படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சிட்டவை. செதுக்குபவர் வெறும் மூலையில் ஒரு தென்னையை நட்டுவிடுவார், முன்னால் இரண்டு ஆட்களை நிறுத்திவிடுவார். இதழின் நோக்கம் நன்கொடை. அந்த நோக்கத்தில் குற்றமில்லை. அந்தப் பணத்தில் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் எழுந்தன. ஆனால் கொடுப்பவருக்கு எதைக் காட்ட வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். எழுந்து நிற்கும் புதுக் கோபுரத்தையும், அதற்கெதிரே ஓலைக் குடிசைக் கோயிலையும் காட்ட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட பெரும்பான்மையான கோயில்கள், ஓட்டுக் கூரையும் மண் சுவருமாய் ஊர்க்காரர்களே கட்டி, உபதேசியார் ஒருவர் பார்த்துக்கொண்டவை, கேமராவுக்குக் கவர்ச்சியற்றவையாயின. குருசடிகளும் கெபிகளும் அவற்றுக்கும் கீழே. பாரீஸ் அந்நிய வேதபோதக சபையின் வரலாற்றாசிரியர் அத்ரியான் லோனே, புதுச்சேரி, மைசூர், கோயம்புத்தூர் வேதபோதக வரலாற்றை 1898-இல் ஐந்து தொகுதிகளாக எழுதினார். பெரிய உழைப்பு. அதன் நடுவிலும் நிற்பவர்கள் குருக்கள், கோயில்களைச் சுமந்த ஊர்கள் அல்ல.

அஞ்சலட்டைகளில் இந்தச் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும். கப்புச்சின் சபையாரின் பெயரால் ஊரார் ‘கப்ஸ் கோயில்’ என்று சொல்லும் சம்மனசுகளின் இராக்கினி மாதா கோயில், பொறியாளர் லூயி கெர் வடிவமைப்பில் 1851-இல் தொடங்கி 1855-இல் முடிந்தது. கடலைப் பார்த்த முகம். வெள்ளை நகரத்தின் நடுவில் இருப்பு. கப்பலில் வந்து இறங்குபவரின் கண்ணில் விரைவில் படும் கோயில் அது. சம்பா கோயிலோ நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதியில் இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் கோயில், 1902-இல் தொடங்கி 1907-இல் முடிந்த கோதிக் கட்டடம், ரயில் நிலையத்தை ஒட்டியது. அஞ்சலட்டை ஐரோப்பாவில் பெரும் மோகமாயிருந்த ஆண்டுகளிலேயே எழுந்ததால், அது பிறந்த நாள் தொட்டே படமானது. முந்தைய கோயில்களுக்கு வாய்க்காதது. இந்த மூன்றும் அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும். நெல்லித்தோப்பையும் அரியாங்குப்பத்தையும் அந்த அளவுக்குப் பார்க்க முடியாது. அரியாங்குப்பத்து மாதா கோயிலின் தொடக்கத்தை 1690 என்பார்கள். பழமையில் அது எதற்கும் இளைத்ததல்ல. அட்டை வாங்கிய சிப்பாயும் அதிகாரியும் நடந்த வழியில் அது இல்லை, அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் குறை சொன்னால் படங்களை என்ன செய்வது, ஒதுக்கிவிடுவதா என்று கேட்கலாம். ஒதுக்கச் சொல்லவில்லை. சார்பை அறிந்த பிறகுதான் படம் பேசத் தொடங்குகிறது. சில எடுத்துக்காட்டுகள். புதுச்சேரிக் கடற்கரையின் கலங்கரை விளக்கம் 1836-இல் ஏற்றப்பட்டது. இரும்புப் பாலம் 1866-இல் எழுந்து, 1952 புயலில் சிதைந்தது. கடலிலிருந்து எடுத்த காட்சியில் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்தே காலத்தைக் குறுக்கலாம். கப்ஸ் கோயிலுக்கு முன்னாலுள்ள ஜோன் ஆஃப் ஆர்க் சிலையும் அப்படியே. ஜோனை ரோமாபுரி புனிதராக அறிவித்தது 1920-இல். சிலை அந்தப் பத்தாண்டில் வந்தது. சிலையில்லாத முற்றம் என்றால் படம் அதற்கு முந்தையது. அட்டையின் பின்புறமும் ஒரு சான்று. பிரான்ஸ் அஞ்சல் துறை 1904-ஐ ஒட்டித்தான் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தது. அதற்கு முன் செய்தியைப் படத்தின் மேலேயே கிறுக்க வேண்டும். ஆகவே கோயில் படத்தின் வானத்தில் பிரெஞ்சுக் கையெழுத்து ஓடினால், அது அழகைக் கெடுத்த கறையல்ல, ஆண்டைச் சொல்லும் முத்திரை. நிழலும் உதவும். கப்ஸ் கோயிலும் சம்பா கோயிலும் கிழக்கு நோக்கியவை. முகப்பில் வெயில் விழுந்திருந்தால் எடுத்தது காலையில். பூசை முடிந்த நேரத்தில் முற்றம் காலியாயிருந்தால், எடுத்தவர் ஆளில்லாத வேளைக்குக் காத்திருந்தார் என்று கருத இடமுண்டு.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகாட்டிய நாடு இங்கிலாந்து. அதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். சசெக்ஸ் கவுண்டியின் வரலாற்றைத் தொகுக்க விரும்பிய வில்லியம் பரல் என்ற சட்ட அறிஞர், 1780-களில் சுவிட்சர்லாந்துக்காரரான கிரிம் என்ற ஓவியரை அமர்த்தி, ஊர் ஊராகக் கோயில்களை வரையச் செய்தார். அடுத்த நூற்றாண்டில் ‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் அந்தக் கோயில்களில் பல உள்ளும் புறமும் மாறின. பழைய இருக்கைகளும் மாடங்களும் கழற்றப்பட்டன. அதை எதிர்த்து வில்லியம் மோரிஸ் 1877-இல் ஒரு சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. மாறுவதற்கு முன் அந்தக் கோயில்கள் எப்படியிருந்தன என்று இன்று அறிய கிரிமின் கோடுகள் துணை. 1890-ஐ ஒட்டி வாரிக்‌ஷயரில் புகைப்பட ஆர்வலர்களே கவுண்டி முழுவதையும் படமெடுக்கத் திட்டமிட்டார்கள். அதைப் பார்த்து பெஞ்சமின் ஸ்டோன் 1897-இல் நாடு தழுவிய அமைப்பை உண்டாக்கினார். மங்காத காகிதம், ஒப்பனை செய்யாத படம், இடமும் நாளும் குறித்த அட்டை என்று அவர்கள் கேட்டவை எளியவை. சின்னக் கிராமத்துக் கோயிலுக்கும் பேராலயத்துக்கும் ஒரே அட்டைதான் என்பது அந்த முயற்சியில் எனக்குப் பிடித்த செய்தி.

புதுச்சேரியில் ஆவண மரபே இல்லை என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் அதன் புகைப்படக்காரர்கள் ஊர் ஊராய்ச் சென்று பதிந்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. சிலை திருட்டு வழக்குகளில் அந்தப் படங்கள் சான்றாகி, வெளிநாடு போன திருமேனிகள் திரும்பிவந்ததை நாடறியும். சைவ வைணவக் கோயிலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் ஊர்த் தேவாலயங்களுக்கும் வேண்டும் என்பது என் வாதம். அந்தக் கட்டடங்கள் அவ்வளவு பழையவை அல்லவே என்பது இதற்கு வரும் மறுப்பு. பழமை கல்லின் வயதில் மட்டும் இல்லை என்பதைச் சம்பா கோயிலே நமக்குக் காட்டியிருக்கிறது. அதோடு, இளைய கட்டடமும் ஒரு மழையில் போகும். 1870-களில் எழுந்த, கடற்கரையின் ‘மேரி’ என்ற நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29-இல் மழைநாளொன்றில் இடிந்து விழுந்தது. பழைய சாயலிலேயே அதைத் திரும்ப எழுப்பி 2021-இல் திறந்தார்கள். எப்படியிருந்தது என்று காட்டப் படங்கள் இருந்ததால் அது முடிந்தது. பங்குக் கோயிலொன்றில் இட நெருக்கடி என்று பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போடும்போது, முதல் நாள் மாலை யாராவது நான்கு பக்கமும் நின்று படமெடுத்து வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பங்கு மக்கள் பெருகிவிட்டார்கள், கோயில் பெரிதாகத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பிரிப்பதற்கு முன் எடுக்கும் படத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

முகப்புப் படம் காட்டாததைக் காட்டும் படங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. அவை வீடுகளில் இருக்கின்றன. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் வெள்ளை உடையில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் படம், கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் படம், கொடியேற்றத்தன்று எடுத்தது, தேர்பவனியில் சப்பரத்தைத் தூக்கி நின்றவர்களின் படம், கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியுமாய்க் குடும்பம் நிற்கும் படம். வில்லியனூர் லூர்து அன்னை கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸிலிருந்து 1877-இல் வந்த சுரூபம் அங்கே இருக்கிறது. கோயிலுக்கு முன்னால் படித்துறையோடு திருக்குளம். முகப்பை மட்டும் பார்த்தால் அது பிரெஞ்சு லூர்து நகரின் சாயல். குளத்துப் படியில் இறங்கித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் பெண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தமிழ்க் கோயில் என்பது புலப்படும். அந்தப் பெண்கள் அஞ்சலட்டையில் வரவில்லை. திருவிழாவுக்கு வந்த ஏதோ ஒரு குடும்பத்தின் படத்தில் பின்னணியாக வந்திருப்பார்கள். இவை தனிப்பட்ட படங்கள், வரலாற்றுக்கு எதற்கு என்பது கடைசி மறுப்பு. குடும்பத்தின் விருப்பமில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அதில் ஐயமே வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவதும், பெயர்களை மறைத்து இடத்தையும் ஆண்டையும் மட்டும் குறிப்பதும் எளிதில் ஆகக்கூடியவை. கோயிலுக்குள் யார் எங்கே நின்றார்கள், ஆண்கள் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம், பாய் விரித்தார்களா பெஞ்சு போட்டார்களா, பெஞ்சு யாருக்குக் கிடைத்தது, தேர் எந்தத் தெருவுக்குள் போனது, எந்தத் தெரு முனையில் திரும்பியது என்பவற்றுக்கு விடை இந்தப் படங்களின் ஓரங்களில்தான் உண்டு. 1745-இன் சுவருக்கும் நாற்காலி வரிசைக்கும் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடர முடியும்.

கேமராவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு அந்த வழியும் இல்லை. படத்தில் விழாத அந்த மக்களைத் தேட, அவர்கள் பெயர் விழுந்த இடத்துக்குப் போக வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று கோயில்களில் எழுதப்பட்ட புதுச்சேரிப் பதிவேடுகள் 1676-இலிருந்து தொடங்குகின்றன. 1735 வரையிலான சுருக்கத்தை ஆளுநர் அல்ஃப்ரெட் மர்த்தினோ 1917-இல் அச்சிட்டார். முதல் மூன்று சம்பா கோயில்கள் எழுந்த காலம், கடைசி ஓராண்டு தவிர, அந்தப் பக்கங்களுக்குள் அடங்கும். அடுத்த இயலில் அவற்றைத் திறப்போம்.